அண்ணியின் தலைவலியும் வெள்ளைக் குளிசையும்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே அவளுக்குத் தலைவலி. நானுஓயாவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் தாலி கட்டி முடித்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர் எல்லோரும் கொழுந்து லொறியில் ஏறி, கொட்டகலைப் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்து இறங்கினோம். வளைவுக்கு வளைவு லொறி ஆட்டிய ஆட்டத்தில் பாதிப் பேருக்கு முகம் வெளுத்திருந்தது. அண்ணி மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் தலையைக் குனிந்தபடி எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் உட்கார்ந்திருந்தாள். "நல்ல அடக்கமான புள்ள" என்று வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் அவள் நிமிர்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"புள்ள, ஒரு தலவலி குளுச இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. அம்மா முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, காகிதத்தில் மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைக் குளிசையை எடுத்துக் கொடுத்தாள். அண்ணி அதை வாயில் போட்டு, பால் விடாத அந்தச் சாயத்தண்ணியைச் சுடச்சுடக் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் சிரித்த முகத்தோடு எழுந்து வந்து, அம்மாவிடமிருந்து தேங்காயை வாங்கித் துருவ ஆரம்பித்துவிட்டாள். கலியாணப் பெண் முதல் நாளே வேலை செய்யக் கூடாது என்று அம்மா சொல்லச் சொல்லக் கேட்கவில்லை.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகி, தோட்டத்தில் உழைக்கிற எங்கள் ஆட்களுக்கு ஓட்டு இல்லை என்றும் ஆகிவிட்டிருந்த காலம் அது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடித்து, வீட்டில் சில வருஷம் இருந்துவிட்டு, அப்போதுதான் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போகத் தொடங்கியிருந்தேன்.

எங்கள் லயத்தில் வெள்ளைக் குளிசை இல்லாத வீடு கிடையாது. சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டின்னுக்குள், நெருப்புப் பெட்டியில், சேலை முந்தானை முடிச்சில் என்று எங்காவது ஒன்று இரண்டு இருக்கும். உப்பு, மிளகாய் மாதிரிதான் அதுவும். "அக்கா, ஒரு குளுச இருந்தா குடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போனதும் தாரேன்" என்று பக்கத்துக் காம்பராவிலிருந்து குரல் வரும். கொடுப்பார்கள். வாங்கியவர்களும் மறக்காமல் திருப்பித் தருவார்கள்.

அது கிடைத்தது தோட்டத்து ஆஸ்பத்திரியில். ஆஸ்பத்திரி என்று பேர்தான், பக்டரிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ரெண்டு அறைகள். அங்கே இருந்தவரை நாங்கள் டாக்டரய்யா என்று கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் திருநீறு. அவர் பேசுகிற தமிழும் நாங்கள் பேசுகிற தமிழும் ஒன்றுதான் என்றாலும், வலி என்று வந்துவிட்டால் ரெண்டு பக்கமும் கொஞ்சம் தடுமாறும்.

"எங்கை நோகுது பிள்ளை?" என்பார் அவர்.

"நோகலீங்க, கடுக்குதுங்க" என்பாள் ஒருத்தி.

அடுத்தவளுக்குக் குத்துகிறது. இன்னொருத்திக்குக் குடைகிறது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆம்பிளைகளுக்கு முதுகு இழுக்கும், தோள்பட்டை உளையும். பிள்ளை பெற்றவளுக்கு அடிவயிறு பிசையும். எங்களிடம் வலிக்கு அத்தனை சொற்கள் இருந்தன. டாக்டரய்யா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் அந்தப் பெரிய பழுப்புப் போத்தலைத்தான் சாய்ப்பார். அதிலிருந்து வெள்ளைக் குளிசை விழும். "சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ" என்று ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் சொல்லுவார்.

அவர் சொன்னது எங்கள் காதில் விழாமலில்லை. ஆனால் சாப்பாடு என்றால் எங்களுக்குச் சோறு. சோறு பொழுது சாய்ந்த பிறகுதான். காலையில் குடிக்கிற சாயத்தண்ணியும், மலையில் நின்றபடியே பிய்த்துத் தின்கிற ரொட்டியும் சாப்பாட்டுக் கணக்கில் வராது. தலைவலியோ காலையிலேயே வந்துவிடுகிறது. அதற்காகச் சோறு வரும்வரை காத்திருக்க முடியுமா? தவிர, வெறும் வயிற்றில் போட்டால்தான் குளிசை சுருக்காகப் பிடிக்கும் என்று லயத்தில் எல்லோரும் நம்பினோம். சோற்றோடு போட்டால் சோறுதான் அதைத் தின்றுவிடும் என்று அடுத்த வீட்டு மாமா சொல்லுவார். அது சூடு என்பதும் எங்களுக்குத் தெரியும். சூட்டைத் தணிக்க வாரத்துக்கு ஒரு நாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தால் போதும் என்று நினைத்தோம்.

கொட்டகலை பஜாரில் நானா கடையிலும் அது கிடைக்கும். கண்ணாடிப் போத்தல்களில் இனிப்பு முட்டாசி, பிஸ்கட், அதற்குப் பக்கத்தில் வலிக் குளிசை. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகிறவர்கள், கருவாடும் சவர்க்காரமும் வாங்கிய கையோடு நாலைந்து குளிசையும் வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வருவார்கள். நானா அதை விற்கும்போது ஒன்றும் சொல்லமாட்டார். நாங்களும் ஒன்றும் கேட்கமாட்டோம்.

அண்ணிக்கு இந்த உலகம் புதிதல்ல. அவளுடைய பிறந்த தோட்டத்திலும் இதே கதைதான். வந்த சில நாளிலேயே அவள் எங்கள் கொழுந்துக் கூட்டத்தில் சேர்ந்தாள். என்னை அடுத்த நிரைதான் அவளுக்கு. அவள் கை அப்படி ஓடும். ரெண்டு கையும் தேயிலை மேல் கோழி கொத்துவதைப் போலப் போய்ப் போய் வரும். ஆனால் தலையை மட்டும் செடிக்குள் விட்டுவிடுவதுபோலக் குனிந்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பாள். "என்னா அண்ணி, தேயிலைக்கு முத்தங் குடுக்கிறீங்களா?" என்று நான் கேலி செய்வேன். "போடி புள்ள, உன் வாய்க்கு ஒரு மாமியார் வந்தாத்தான் சரிப்படும்" என்பாள்.

கூடையின் கயிறு தலையில்தான் தொங்கும். கொழுந்து நிறைய நிறைய, அது உச்சியை அழுத்திப் பிடரியை இழுக்கும். மழை நாளில் நனைந்த கொழுந்தின் பாரம் இன்னும் கூடுதல். அந்த வலி எங்கள் எல்லோருக்கும் இருந்தது. நாங்கள் மாலையில் வீட்டுக்கு வந்து, சுக்கை உரசிப் பத்துப் போட்டு, துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டால் கொஞ்சம் ஆறும். அண்ணிக்கு அது ஆறவில்லை. காலையில் எழும்பும்போதே நெற்றிப் பொட்டு தெறிக்கிறது என்பாள். விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன்னால் சாயத்தண்ணியோடு ஒரு குளிசை. நடுப்பகல் நிறுவைக்குக் கீழே இறங்குமுன் இன்னொன்று. பிறகு பிறகு, வலி வருமோ என்ற பயத்திலேயே ஒன்று.

அதற்காக அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாள் இல்லை. வீட்டைக் கலகலப்பாக வைத்திருந்ததே அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்காரவைத்துப் பேன் பார்த்துக்கொண்டே, தன் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த கண்டாக்கையா நடக்கிற நடையை, துரைசாணி நாயைக் கூப்பிடுகிற விதத்தை எல்லாம் நடித்துக் காட்டுவாள். அம்மா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள். அண்ணன் வேலை முடிந்து வந்ததும், அவள் குரல் கேட்கிறதா என்றுதான் முதலில் காது கொடுப்பான். அந்த ஞாயிறுகளின் வெயிலும், ஈரக் கம்பளி காய்கிற வாசமும், அவள் விரல்கள் என் தலையில் ஊர்ந்ததும் இப்போதும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன.

அடுத்த வருஷம் வைகாசியில் மழை பிடித்தது. பிடித்தால் எங்கள் பக்கம் ஆவணி வரை விடாது. கம்பளியைப் போர்த்தி, இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, பனியும் மழையும் கலந்த இருட்டுக்குள் பறிப்போம். அந்த மழைக்காலத்தில்தான் அண்ணி நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்று சொல்லத் தொடங்கினாள். ரொட்டியை ஒரு வாய் பிய்த்து வைத்ததுமே, போதும் என்று மீதியை எனக்குத் தந்துவிடுவாள். அம்மா சந்தோஷமாகிவிட்டாள்.

"முழுகாம இருக்கியா புள்ள?" என்று கேட்டாள்.

"இல்லீங்க அத்தே. வயித்தெரிச்சல்தான்."

அம்மா சீரகத் தண்ணி காய்ச்சிக் கொடுத்தாள். அண்ணி அதையும் குடித்தாள். குடித்துவிட்டு, முந்தானையை அவிழ்த்து ஒரு வெள்ளைக் குளிசையைப் போட்டுக்கொண்டாள்.

"அது தலவலிக்கு இல்லையா அண்ணி?" என்று கேட்டேன்.

"வலிக் குளுசதானே புள்ள. தலையில இருந்தா என்னா, வயித்துல இருந்தா என்னா? வலி வலிதானே."

அம்மாவும் ஆமாம் என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. லயத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அது நடந்த நாள் நாங்கள் மேல்மலையில் பறித்துக்கொண்டிருந்தோம். மழை சற்று ஓய்ந்து, மூடுபனி நிரைக்குள் இறங்கியிருந்தது. பக்கத்து நிரையில் அண்ணியின் கை ஓடுகிற சத்தம் நின்றுவிட்டதை முதலில் கவனித்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் கூடையை இறக்காமலேயே செடியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தாள். கொழுந்துக் கங்காணி மேலேயிருந்து சத்தம் போட்டார்.

"என்னா அங்க உக்காருறது? இப்படி உக்காந்தா இன்னைக்கு அரைப்பேருதான், பாதிச் சம்பளந்தான்!"

அண்ணி எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. குனிந்து வாந்தி எடுத்தாள். நான் கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். செடிக்கடியில் கிடந்தது சாப்பாடு அல்ல. தேத்தண்ணி வடித்த பிறகு துணியில் மிஞ்சும் சக்கை மாதிரி கறுப்பாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு. அவள் உதடு தேயிலைப் பூ மாதிரி வெளுத்துப்போய், என் தோளில் சாய்ந்துவிட்டாள்.

நான் போட்ட கூச்சலில் கூட்டமே ஓடி வந்தது. அரைப்பேர் என்று சத்தம் போட்ட கங்காணிதான் முதலில் தன் கம்பளியைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினார். "ரெண்டு படங்கு குடுங்கடி! அந்தக் கவ்வாத்துக்காரங்களக் கூப்புடுங்க!" என்று கத்தினார். படங்குகளைச் சேர்த்துக் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, ஆம்பிளைகள் அவளைத் தூக்கிக்கொண்டார்கள். சறுக்குகிற குறுக்குப் பாதையில் அவர்கள் எப்படித்தான் விழாமல் இறங்கினார்களோ தெரியாது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். கை சில்லிட்டிருந்தது.

டாக்டரய்யா நாடியைப் பிடித்துப் பார்த்தார். கண் இமையைத் தூக்கிப் பார்த்தார். "இஞ்ச வைச்சிருக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு, தானே பக்டரிக்கு ஓடிப்போய்த் தேயிலை லொறியை நிறுத்திவைத்தார். தகவல் கேட்டு மண்வெட்டியோடு ஓடிவந்த அண்ணனும், நானும், அண்ணியும் அதில் ஏறினோம். தேயிலைப் பெட்டிகளை ஒதுக்கி, அவற்றுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்தோம். வழி நெடுக அண்ணன் அவள் முகத்தில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிக்கொண்டே வந்தான்.

பெரிய ஆஸ்பத்திரியில் எல்லோரும் சிங்களம் பேசினார்கள். பஜாரில் சாமான் வாங்குகிற அளவுக்கு எனக்கும் சிங்களம் வரும். தாதி மிஸ்ஸி ஒரு பொன்னிறமான இளம்பெண். அண்ணிக்கு ஊசியைப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டாள்.

"பேத் பிவ்வத?"

மருந்து குடித்தாளா என்று கேட்கிறாள். "நே மிஸ்ஸி", இல்லை என்றேன். பிறகு வந்த டாக்டர், ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒரு தமிழரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு திரும்பக் கேட்டார்.

"இந்தப் பொண்ணு ஏதாச்சும் மருந்து குடிச்சுதான்னு ஐயா கேக்குறாரு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மருந்தே குடிச்சதில்லீங்க. சீரகத் தண்ணி மட்டுந்தான்" என்றேன். அண்ணனும் சாமி சத்தியமாக அப்படியே சொன்னான்.

நாங்கள் பொய் சொல்லவில்லை. மருந்து என்றால் எங்களுக்குப் போத்தலில் ஊற்றித் தருகிற தண்ணி மருந்து. கசக்கும், குலுக்கிக் குடிக்க வேண்டும். வெள்ளைக் குளிசை மருந்து என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை. அதைக் குடிப்பதில்லை, போடுவது. வெற்றிலை போடுவதைப் போல.

டாக்டர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போய்விட்டார். அண்ணிக்கு ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். அண்ணனின் ரத்தம் பொருந்துகிறது என்று அவர்கள் சொன்னதும் அவன் முகம் அண்ணியைவிட வெளுத்துப்போனது. ரத்தம் கொடுத்தால் ஆம்பிளைக்கு அப்புறம் மண்வெட்டி பிடிக்க முடியாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. அவன் அதை நினைத்திருப்பான். ஆனாலும் கையை நீட்டிக்கொண்டு போய்ப் படுத்தான்.

மறுநாள் காலையில் அண்ணி கண்ணைத் திறந்தாள். நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வார்டுக்குள் திரும்பி வரும்போது, அவள் கட்டிலின் தலைமாட்டில் சுருட்டி வைத்திருந்த தன் சேலையை இழுத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வெள்ளைக் குளிசைகள் உள்ளங்கையில் விழுந்தன. ஒன்றை வாய்க்குக் கொண்டு போனாள். அடுத்த கட்டிலில் நின்ற மிஸ்ஸி ஒரே எட்டில் வந்து கையைப் பிடித்துவிட்டாள்.

"மொகக்த மே?" என்றாள் பதறிப்போய்.

இது என்ன என்று கேட்கிறாள். அண்ணிக்குப் புரியவில்லை. வயிற்றைத் தொட்டுக் காட்டி, "வலிக்குதுங்க மிஸ்ஸி, அதான்" என்றாள் குழந்தை மாதிரி.

மிஸ்ஸி குளிசைகளை எடுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் வந்தார். கூடவே அந்தத் தமிழரும் வந்தார். இதைப் போடுகிற வழக்கம் உண்டா, எப்போது போடுவாள், எதற்குப் போடுவாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அண்ணி ஒளிக்காமல் சொன்னாள். காலையில் சாயத்தண்ணியோடு, பகலில், பிறகு வயிறு எரிகிறபோதெல்லாம். அவர் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நான் பயந்தேன். அவர் கோபப்படவில்லை. மெதுவாக ஒன்று சொன்னார். கூட நின்ற தமிழர் அதைத் தமிழில் சொன்னார்.

"வயித்த எரிய வச்சதே இந்தக் குளுசதானாம்மா. வெறும் வயித்துல தெனமும் போட்டுப் போட்டு உள்ள புண்ணாக்கிருச்சு. அந்தப் புண்ணு வலிக்குதுன்னு திரும்ப அதையே போட்டிருக்கீங்க."

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் அந்தக் குளிசைகளைப் பார்த்தான். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்த ஒரு சாமான் இப்படிச் செய்யுமா என்றிருந்தது எங்களுக்கு.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பாலும், சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையான ஒரு மருந்தும், குழைந்த சோறும்தான் அவளுக்கு. அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போவான். ஒரு தடவை வந்தவன் நெற்றியைத் தடவிக்கொண்டு, "ரத்தங் குடுத்ததுல இருந்து எனக்குத் தலைய வலிக்குது, ஒரு குளுச கேட்டுப் பாக்கவா?" என்றான். அண்ணி அவனை முறைத்த முறைப்பைப் பார்த்து, தமிழே தெரியாத மிஸ்ஸிகூடச் சிரித்துவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் டாக்டர் அந்தத் தமிழர் மூலம் இன்னொன்று கேட்டார். அதுவரை அண்ணியிடம் யாருமே கேட்காத கேள்வி அது. தலை ஏன் வலிக்கிறது?

"கூடைக் கவுறு இழுக்குதுங்க" என்றாள் அண்ணி.

"மத்தப் பொம்பளைகளுக்கும் கூடை இருக்கே, அவங்களுக்கு இப்படிக் காலையில எழும்பும்போதே வலிக்கிறதில்லையே?"

நான்தான், "இவங்க எதையும் கண்ணச் சுருக்கிச் சுருக்கித்தாங்க பாப்பாங்க" என்று சும்மா சொல்லிவைத்தேன். தமிழர் அதைச் சொன்னதும் டாக்டர் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கே கண் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் அண்ணிக்குப் பெரிய குறியைத் தவிர மீதியெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத் தெரிந்ததாம். படிக்காதவள் என்பதால் எழுத்துக்குப் பதிலாக, சீப்பு மாதிரிக் குறிகளைக் காட்டி, பல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையால் காட்டச் சொன்னார்கள். அவள் குத்துமதிப்பாகக் காட்டியிருக்கிறாள்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் யாரும் புதுத்துணி எடுக்கவில்லை. அண்ணிக்குக் கண்ணாடி எடுத்தோம். அண்ணன் அவளைக் கண்டிக்கு ரயிலில் கூட்டிப்போய் வாங்கி வந்தான். கறுப்பு விளிம்பு, தடித்த கண்ணாடி. கொட்டகலை ஸ்டேஷனில் இறங்கியபோது அவள் அண்ணனின் கையைப் பிடித்து நிறுத்தி, "அங்க மலைல நிக்கிறது எல்லாம் தனித்தனி மரமாங்க?" என்று கேட்டாளாம். அண்ணன் இதை வீட்டில் வந்து திரும்பத் திரும்பச் சொன்னான். நாங்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை அவளுக்கு அன்றுவரை பச்சைக் கம்பளியாகத்தான் இருந்திருக்கிறது.

கண்ணாடி போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போன பெண் எங்கள் தோட்டத்தில் அவள்தான் முதல். பெரட்டுக் களத்தில் ஆம்பிளைகள் சிரித்தார்கள். "கிளாக்கரம்மா வாறாங்க, வழிவிடுங்க" என்றார்கள். பனி இறங்கினால் கண்ணாடி மூடிக்கொள்ளும். நொடிக்கொரு தரம் முந்தானையால் துடைப்பாள். ஆனால் தலையைச் செடிக்குள் விடாமல் நிமிர்ந்து நின்று பறித்தாள். சுமை வலி அவளுக்கும் வந்தது, எங்களுக்கு வருகிற அளவுக்கு. காலையில் நெற்றிப் பொட்டு தெறிக்கிற அந்த வலி போய்விட்டது.

லயத்தில் வேறொரு கூத்து நடந்தது. அண்ணிக்கு வந்ததைக் கேள்விப்பட்டதும் எல்லோரும் வெள்ளைக் குளிசையை அடுப்பில் போட்டார்கள். அது விஷம் என்றார்கள். ரத்தத்தைக் குடிக்கிற குளிசை என்றார்கள். டாக்டரய்யா பெரட்டுக் களத்துக்கே வந்து, "விஷம் இல்லை, வயித்திலை ஏதும் இருக்கேக்கை போடுங்கோ, வயித்து நோவுக்குப் போடாதேங்கோ" என்று விளக்கினார். யாரும் நம்பவில்லை. அடுத்த வீட்டு மாமா பல் வலியில் கன்னம் வீங்கித் துணியைக் கட்டிக்கொண்டு முனகினார். குளிசை மட்டும் வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார்.

அண்ணிதான் அவரிடம் போனாள். கையில் சூடான ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இருந்தன.

"மாமா, இத மொதல்ல சாப்பிடுங்க."

"பல்லு வலிக்குதுன்னா ரொட்டி திங்கச் சொல்றியே புள்ள!"

"தேத்தண்ணில நனைச்சுத் தின்னுங்க. தின்னப்புறம் இந்தக் குளுசயப் போடுங்க. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயி பல்லப் புடுங்கிருங்க. குளுச வலியத்தான் நிறுத்தும், பல்லச் சரியாக்காது."

"நீயே குடுக்கிறியா? உன்னையே கொல்லப் பாத்துச்சே அது!"

"அது கொல்லப் பாக்கல மாமா. எப்படிப் போடணும்னு எனக்குத் தெரியல."

அவர் ரொட்டியை நனைத்து நனைத்துத் தின்றார். குளிசையைப் போட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் இஸ்தோப்பில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் லயம் மறுபடி தெளிந்தது. அப்புறம் யார் தலைவலி என்று வந்தாலும் அண்ணி முதலில் கேட்பது, "என்னா சாப்பிட்ட?" என்பதுதான். ஒன்றுமில்லை என்றால் குளிசை கிடைக்காது, ரொட்டிதான் கிடைக்கும். சில பேர் ரொட்டிக்காகவே தலைவலி என்று வருகிறார்கள் என்று அம்மா முணுமுணுப்பாள்.

சில வருஷத்தில் அண்ணிக்கு ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். எனக்கும் கலியாணம் பேசி முடித்து, நுவரெலியாவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போனேன். கலியாணம் முடிந்த வாரம் நுவரெலியாவில் ஒரு ஸ்டூடியோவில் எல்லோரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொண்டோம். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்து, "அந்தம்மா கண்ணாடியக் கழட்டுங்க, வெளிச்சம் அடிக்குது" என்றார்.

"கழட்ட மாட்டேங்க" என்றாள் அண்ணி.

"மொகம் நல்லா விழாதும்மா."

"விழாட்டிப் பரவால்ல. என் நாத்தனார் கலியாணப் பொண்ணா நிக்கிறா, அத நான் பாக்க வேணாமா?"

அண்ணன் சிரித்தான், அம்மா சிரித்தாள், எனக்கு அழுகை வந்தது. போட்டோக்காரர் அலுத்துக்கொண்டு அப்படியே எடுத்துவிட்டார். படத்தில் அவர் சொன்ன மாதிரியே அண்ணியின் கண் இருக்க வேண்டிய இடத்தில் ரெண்டு வெள்ளை வட்டம்தான் விழுந்திருக்கிறது. அவள் முகம் காமெராவைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பியிருக்கிறது.